பூட்டனாரைத் தேடி...

நம்முள் எத்தனை பேருக்குத் தம் பாட்டனாரின் தந்தை பெயர் தெரியும்? தந்தையின் பெயரை முதலெழுத்தாக நாள்தோறும் எழுதி வருகிறோம். பாட்டனாரின் பெயரைப் பெரும்பாலோர் அறிவோம். பூட்டனாரிடம் வந்ததும் நாக்குத் தடுமாறுகிறது. அவருக்கும் மேலே ஓட்டன் என்றோர் உறவுப்பெயர் தமிழில் உண்டு என்பதையே பலர் மறந்துவிட்டோம்.

இதற்கு நம் பெயரிடும் முறையும் ஒரு காரணம். மேனாட்டார் பலருக்குக் குடும்பப் பெயர் ஒன்று தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருகிறது. தமிழ் மரபிலோ தந்தை பெயரின் முதலெழுத்து மகனோடு நின்றுவிடும். பேரன் காலத்தில் அந்த எழுத்தும் மாறிவிடும். ஆனால், அறுந்த நூலை முடிந்துவிட வேறொரு வழியையும் நம் முன்னோர் வைத்தனர். பேரன் என்ற சொல்லின் முழு வடிவம் 'பெயரன்' என்பதாகும். பாட்டனாரின் பெயரைத் தாங்கி வருபவன் அவன். ஆகவே ஒரு வீட்டில் ஒரு பெயர் ஒரு தலைமுறை மறைந்து, மறு தலைமுறையில் மீண்டும் முளைக்கும். தேடிச் செல்பவனுக்கு இது துணையாகவும் அமையும், பெருங்குழப்பமாகவும் அமையும். எங்கள் குடும்பத்தில் மட்டும் நான்கு சவரிமுத்துகள்!

சில ஆண்டுகளுக்கு முன், பெரியப்பா, சித்தப்பா, அத்தை மக்கள் ஐவர் கூடி, எங்கள் குடும்ப வரலாற்றை எழுதி வைப்பதென முடிவு செய்தோம். மூன்று செய்திகளைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தூய சவேரியாரின் கையால் திருமுழுக்குப் பெற்ற குடும்பம் எம்முடையது என்பது முதற் செய்தி. எம் முன்னோர் ஒருவர் உபதேசியாராக இருந்தார் என்பது இரண்டாவது. தாது வருடத்தில் நாங்கள் இவ்வூருக்கு வந்து சேர்ந்தோம் என்பது மூன்றாவது. இம்மூன்றுக்கும் சான்று தேடினால் நூல் முடிந்துவிடும் என்று எண்ணினோம்.

முதியோரின் நாட்காட்டி

தொண்ணூறை நெருங்கிய எங்கள் அத்தையிடம் முதலில் சென்றோம். முதியோரிடம் ஆண்டினைக் கேட்டுப் பயனில்லை என்பதை முதல் நாளே கற்றோம். அவர்களது நாட்காட்டி வேறு. "எம்டன் குண்டு போட்டபோது உங்கள் தாத்தா கைக்கு அடங்காத பையன்" என்பார்கள். செருமானியக் கப்பலாகிய எம்டன் சென்னையைத் தாக்கியது 1914 செப்டம்பர் 22ஆம் நாள் என்பதை அறிந்தவன், தாத்தாவின் வயதைக் கணித்துக்கொள்ளலாம். "பர்மாவிலிருந்து நடந்து வந்தார்கள்" என்றால் அது 1942. "தனுஷ்கோடி அழிந்த புயல்" என்றால் 1964 டிசம்பர். நாட்டின் வரலாறும் வீட்டின் வரலாறும் முதியோர் நினைவில் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன.

ஆனால் தாது எங்களை ஏமாற்றியது. தமிழ் ஆண்டுகள் அறுபது; சுற்றி முடிந்ததும் அதே பெயர் திரும்ப வரும். 1936ஆம் ஆண்டில் ஒரு தாது வந்தது. அதுவே எங்கள் குடும்பம் ஊருக்கு வந்த ஆண்டு என்று எழுதிக்கொண்டோம். பின்னர் எங்கள் பங்குக் கோவிலின் திருமணப் பதிவேட்டைப் பார்க்க இசைவு பெற்றுச் சென்றபோது, 1897ஆம் ஆண்டிலேயே பூட்டனாரின் திருமணம் அங்கே பதிவாகியிருந்தது! திகைத்துப்போய் அத்தையிடம் வந்தோம். அவர் சிரித்தார். "நான் பிறந்ததும் ஒரு தாதுவில்தான். நான் சொன்னது அதற்கு முந்தின தாது, பிள்ளைகளா" என்றார். முந்தின தாது 1876. எங்கள் தேடலின் திசையே அன்று மாறிற்று.

பதிவேடுகள் பேசும் மொழி

பங்குப் பதிவேடுகள் நம் நாட்டில் வழக்கிற்கு வந்த கதையைச் சிறிது நினைவுகூர்வது நலம். திரிதெந்து பொதுச்சங்கம் 1563ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட ஆணைகளில், திருமணம் புரிவோர், சாட்சிகள் ஆகியோரின் பெயர்களைப் பங்குக்குரு ஏட்டில் எழுதி வைக்கவேண்டும் என்றும், திருமுழுக்கில் ஞானப்பெற்றோரின் பெயர்களைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்றும் விதித்தது. 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்குநூல், திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், இறப்பு, பங்கு மக்களின் குடும்ப நிலை என ஐவகை ஏடுகளை வரையறுத்தது. 1908ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஆணை ஒன்றின்படி, ஒருவர் எங்கே மணந்தாலும் அச்செய்தி அவரது திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில் குறிக்கப்பட்டது. அரசின் கணக்கோ பின்னால் வந்தது. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுக்கென 1886இல் இந்தியச் சட்டம் ஒன்று பிறந்தது; ஆயின் பிறப்பையும் இறப்பையும் நாடெங்கும் கட்டாயமாகப் பதியச் செய்தது 1969ஆம் ஆண்டுச் சட்டமே. ஏழை ஒருவன் பிறந்து வாழ்ந்தான் என்பதற்குப் பல ஊர்களில் கோவில் ஏட்டைத் தவிர வேறு எழுத்துச் சான்று கிடையாது.

இந்த ஏடுகளைப் படிப்பது எளிதன்று. மதுரை மறைபரப்புத் தளத்தைத் தோற்றுவித்தவர் தெ நோபிலி அடிகளார், ஆண்டு 1606. இயேசு சபை 1773இல் ஒடுக்கப்பட்டு, 1814இல் மீண்டும் உயிர்பெற்றது. 1838ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் மதுரை நாட்டுக்கு வந்தனர். அவர்கள் பதிவுகளை இலத்தீனில் எழுதினர். வீட்டில் சூசை என்றழைக்கப்பட்டவர் ஏட்டில் யோசேப்பூஸ். இராயப்பன் என்பவர் பேத்ரூஸ். சின்னப்பன் என்பவர் பௌலூஸ். பெலவேந்திரன் என்பவர் அந்திரேயாஸ். ஞானப்பிரகாசம் என்பவர் அலோய்சியூஸ். இவ்விரட்டைப் பெயர்களை அறியாதவன் தன் பாட்டனாரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டிவிடுவான்.

இன்னோர் இடரும் உண்டு. போர்த்துகீசிய அரசின் ஞானாதிக்க உரிமைக்கும், உரோமை நேரே அனுப்பிய மறைபரப்புநருக்கும் இடையே பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்த பூசலால், சில ஊர்களில் 'கோவாக் கோவில்' ஒன்றும், மற்றவர் கோவில் ஒன்றும் என இரண்டு எழுந்தன. 1886ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின்னரே இது மெல்லத் தணிந்தது. ஒரு கோவில் ஏட்டில் காணாத பெயர், கூப்பிடு தூரத்திலுள்ள மற்றொரு கோவில் ஏட்டில் இருக்கக்கூடும்.

1877, டிசம்பர் 3

பூட்டனாரின் திருமணப் பதிவில் அவருக்கு வயது ஏறத்தாழ 25 என்றிருந்தது. மணமகளின் பெற்றோர் பெயர்கள் தெளிவாக இருந்தன. மணமகனின் பெற்றோருக்கான இடம் வெறுமையாக இருந்தது. அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கு எதுவெனக் குறித்திருந்ததால் அங்கே சென்றோம். சாட்சியாகக் கையொப்பமிட்டவர் அப்பங்கின் உபதேசியார்.

முந்தின தாது என்றால் என்னவென்று வரலாறு அறிந்தோர் அறிவர். 1876ஆம் ஆண்டில் பருவமழைகள் பொய்த்தன. அடுத்த ஈசுவர வருடத்திலும் துயர் தொடர்ந்தது. 'தாது வருடப் பஞ்சம்' என்று இன்றும் பேசப்படும் அக்கொடுமையில், சென்னை மாகாணம் தொடங்கிப் பம்பாய்ப் பகுதிவரை மாண்டவர் 50 இலட்சத்துக்கும் மேல் என்று கணிப்பர். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டுத் தானியமும் சிறு காசும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் விதித்தார். அது அரைக்கிலோவுக்கும் குறைவு. மண் சுமந்தவர் அதை உண்டு எப்படி உயிர் வாழ்வார் என்று மாகாணத்தின் தலைமைச் சுகாதார அலுவலர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். கப்பலேறி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர் பலர். பெற்றோரை வழியிலே பறிகொடுத்த பிள்ளைகளை மறைபரப்பு நிலையங்கள் பல ஏற்று வளர்த்தன.

அந்தப் பங்கின் ஏட்டில் 1877ஆம் ஆண்டுப் பக்கங்கள் நெருக்கமாக எழுதப்பட்டிருந்தன. ஒரே நாளில் பல பெயர்கள். டிசம்பர் 3ஆம் நாளின் வரிசையில் எங்கள் பூட்டனாரைக் கண்டோம். சவேரியூஸ், வயது சுமார் ஐந்து, 'பரேந்தீபுஸ் இக்னோத்திஸ்', அதாவது பெற்றோர் அறியப்படவில்லை. ஞானத்தந்தையாக இருந்தவர், இருபது ஆண்டுகளுக்குப் பின் திருமணத்தில் சாட்சியாக நின்ற அதே உபதேசியார்.

மூன்று செய்திகளும் அந்த ஒரே வரியில் விளங்கின. டிசம்பர் 3 தூய சவேரியாரின் திருநாள். அந்நாளில் முழுக்குப் பெற்ற பிள்ளைக்கு அப்புனிதரின் பெயர். சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்து உழைத்தவர்; எங்கள் ஊரோ கடலைக் காணாத வானம் பார்த்த பூமி. 'சவேரியார் நாளில், சவேரியார் பெயரால்' என்பது, சொல்லிச் சொல்லி, 'சவேரியார் கையால்' என்று ஆகியிருக்கிறது. ஞானத்தந்தை உபதேசியார் என்பது, முன்னோர் உபதேசியார் என்று ஆகியிருக்கிறது. தாது மட்டும் தாதுவாகவே நின்றது.

அத்தை சொன்னது

இதை எழுதுவதா, மறைப்பதா என்று எங்களுக்குள் ஒரு மாதம் வாதிட்டோம். வாதத்திற்குக் காரணம் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுப் பெண் ஒருத்திக்கு ஒரு வரன் வந்தது. அனாதை இல்லத்தில் வளர்ந்து, படித்து, ஆசிரியராகப் பணியாற்றிய நல்லவர். "குலம் கோத்திரம் தெரியாத இடத்தில் பெண் கொடுப்பதா? நாம் சவேரியார் கால வம்சம்" என்று கூறி மறுத்துவிட்டோம். அந்தச் சொல்லை முன்னின்று சொன்னவர் அத்தையே.

இறுதியில் பதிவின் படத்தை அவரிடமே எடுத்துச் சென்று படித்துக் காட்டினோம். நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு தம் பாட்டனாரைப் பற்றி, அதுவரை எங்களுக்குச் சொல்லாதவற்றைச் சொன்னார். அவர் தட்டில் ஒரு பருக்கையையும் மீதம் வைக்கமாட்டாராம். கீழே சிந்திய அரிசியைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குவாராம். யார் வாசலில் வந்து நின்றாலும், "பிள்ளைக்குப் பசிக்குதா என்று முதலில் கேள், பேரைப் பிறகு கேள்" என்பாராம். ஏன் என்று ஒருவரும் அவரைக் கேட்டதில்லை.

"பேரைப் பிறகு கேட்கச் சொன்னார். நான்தான் அந்தப் பையனிடம் முதலில் கேட்டுவிட்டேன்" என்றார் அத்தை. பின்னர், "ஒளிக்காமல் எழுதுங்கள்" என்றார்.

நினைவும் ஏடும்

நினைவு பொய் சொல்லிற்று, ஏடு மெய் சொல்லிற்று என்று இதை முடித்துவிடலாகாது. தாதுவை நினைவு காத்திராவிட்டால் அந்த ஏட்டை நாங்கள் தேடியே இருக்கமாட்டோம். பஞ்சத்தில் பெற்றோரை இழந்த சிறுவனின் பசி ஏட்டில் இல்லை. பேத்தியின் நினைவில்தான் இருந்தது. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி, தம் முன்னோரின் கதையைப் பாட்டிமார் சொன்ன சொற்களைப் பற்றிக்கொண்டு காம்பியா நாடுவரை தேடிச் சென்று, 1976இல் 'வேர்கள்' என்னும் நூலாக வெளியிட்டார். பின்வந்த ஆய்வாளர், ஆவணங்களோடு அது பொருந்தாத இடங்களைச் சுட்டிக் காட்டினர். ஆயினும் அடிமைகளாக விற்கப்பட்டோரின் பிள்ளைகள் பலர் தம் முன்னோரைத் தேடத் தொடங்கியதற்கு அந்நூலே தூண்டுதலாயிற்று. செவிவழிச் செய்தியை அப்படியே நம்புவதும் தவறு. அடியோடு தள்ளுவதும் தவறு. ஒன்றை மற்றொன்றால் சோதிப்பதே முறை.

மத்தேயு நற்செய்தி ஒரு தலைமுறை அட்டவணையோடு தொடங்குகிறது. குலப்பெருமை பேச விரும்பும் எவனும் மறைத்திருக்கக்கூடிய தாமார், இராகாபு, உரியாவின் மனைவி ஆகியோரை அது மறைக்கவில்லை. புறவினத்தாளாகிய ரூத்தும் அதில் இருக்கிறாள். அந்தப் பகுதி திருப்பலியில் வாசிக்கப்படும்போது, வெறும் பெயர்ப்பட்டியல் என்று முன்பெல்லாம் சலிப்படைந்தோம். இப்போது ஒவ்வொரு பெயருக்கும் செவி சாய்க்கிறோம்.

வாசகர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு முதியோரிடம் இந்த மாதமே உட்காருங்கள். ஆண்டைக் கேளாதீர்கள், புயலையும் பஞ்சத்தையும் கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். குரலையும் பதிவு செய்யுங்கள். பழைய பங்கு ஏடுகளைக் கவனமாகக் காக்கவேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கூறுகிறது. கரையானும் ஈரமும் அச்சட்டத்தை அறியா. ஆகவே உங்கள் பங்கின் ஏடுகளைப் படியெடுத்து வைக்கப் பங்குத்தந்தைக்குத் துணை நில்லுங்கள்.

எங்கள் குடும்ப மரத்தை இப்போது வரைந்து முடித்திருக்கிறோம். அதன் உச்சியில் சவேரியார் இல்லை. ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு மேலே பெற்றோருக்கென இரண்டு கட்டங்கள் வரைந்து, பெயரின்றி விட்டிருக்கிறோம். அத்தை அப்படித்தான் விடச் சொன்னார். பிள்ளையைப் பிழைக்க வைத்துவிட்டு மாண்ட இருவர் அவர்கள். கல்லறைத் திருநாளில் எங்கள் முன்னோர் பெயர்களைச் சொல்லி மன்றாடும்போது, அந்த இரண்டு கட்டங்களிடம் வந்ததும் சற்று நிற்கிறோம்.