தனுஷ்கோடி சாலையும் பழைய புல்லட்டின் ரோட்டரும்

பாம்பனில் சாலைப் பாலம் திறந்தது 1988-ல்தான். அதுவரை இராமேஸ்வரம் தீவுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வர வேண்டுமானால் ரயிலிலோ படகிலோ ஏற்றித்தான் கொண்டு வர வேண்டும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடி ஊரையும் ரயில் பாதையையும் அழித்துவிட்டது. அதன் பிறகு அங்கே மணலில் போனவை ஜீப்பும் வேனும்தான். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது 2017-ல். இப்போது அங்கே வரிசையாக நிற்கும் பைக்குகளில் பழைய புல்லட்டுகளுக்கும் குறைவில்லை.

இந்த புல்லட்டும் தமிழ்நாட்டு வண்டிதான். இந்திய ராணுவத்தின் ஆர்டருக்காக, 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில். தாய்க் கம்பெனி 1970 வாக்கில் மூடப்பட்ட பிறகும், இங்கே அதே அடிப்படை இன்ஜின் 2000-களின் இறுதி வரை ஓடியது!

இதில் மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். இடது பக்க செயின் கேஸுக்குள், கிராங்க் ஷாப்ட் முனையில் சுற்றும் காந்தம்தான் ரோட்டர். அதைச் சுற்றி அசையாமல் இருப்பது ஸ்டேட்டர் காயில். 1832-ல் பாரிஸில் பிக்ஸி என்பவர் கைப்பிடியால் காந்தத்தைச் சுழற்றி மின்சாரம் எடுத்தாரே, அதே தத்துவம்.

ரோட்டரில் கம்பி கிடையாது. எரிந்து போக அதில் ஒன்றுமில்லை. அதனாலேயே யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. முதலில் பேட்டரி மாறும், அடுத்து ரெக்டிபயர், பிறகு காயில். பணம் போகும், சார்ஜ் மட்டும் ஏறாது!

முதல் அறிகுறியை வண்டியே காட்டும். ஹெட்லைட் தலைப்பகுதியில் இருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பார்த்து கிக்கர் அடித்துப் பழகியவர்களுக்கு இது தெரியும். லைட்டைப் போட்டு நன்றாக ரேஸ் செய்தும் முள் மைனஸ் பக்கமே கிடந்தால் சார்ஜ் வரவில்லை என்று அர்த்தம். அடுத்து ஸ்டேட்டர் வயர்களைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். சுற்று அறுபடாமலும், பாடியோடு ஷார்ட் ஆகாமலும் இருந்தால் காயில் நல்லது. பிறகு இன்ஜினை ஓட்டி அதே வயர்களில் ஏ.சி. வோல்ட் பார்க்க வேண்டும். நல்ல காயிலில் வோல்ட் மிகக் குறைவாக வந்தால் குற்றவாளி ரோட்டர்தான்: காந்தம் வலுவிழந்திருக்கும், அல்லது சாவி உடைந்து ரோட்டர் வழுக்கும்.

செயின் கேஸைத் திறந்ததும் ரோட்டரின் மேற்பரப்பைப் பார்க்கலாம். பளபளவென்று உரசிய தடம் இருந்தால் அது ஸ்டேட்டரில் இடிக்கிறது. சுற்றிலும் ஃபில்லர் கேஜ் விட்டுப் பார்த்தால் இடைவெளி சுமார் 0.2 மில்லிமீட்டர் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுக்கம் என்றால் ஸ்டேட்டர் போல்ட்டையோ கிராங்க் பேரிங்கையோ பார்க்க வேண்டும். புது ரோட்டர் போட்டும் பயனில்லை.

இதையெல்லாம் விட ஏமாற்றுவது இன்னொன்று. லூகாஸ் வகை ரோட்டரில் காந்தத் துண்டுகளை அலுமினியத்தில் வார்த்து, நடுவில் இரும்பு மையம் வைத்திருப்பார்கள். நாள்பட அந்த மையம் தளரும். அப்போது எழும் 'டக் டக்' சத்தம் அப்படியே பிக் எண்ட் பேரிங் போன சத்தம்! அதை நம்பி முழு இன்ஜினையும் இறக்கிப் பிரித்தவர்கள் உண்டு. ரோட்டரைக் கழற்றி, மையத்தைப் பிடித்துக்கொண்டு வெளிப்பகுதியைத் திருகிப் பார்த்தால் ஆட்டம் கையிலேயே தெரிந்துவிடும்.

பழைய புல்லட்டில் இக்னிஷனும் பேட்டரியை நம்பியே இருப்பதால், சார்ஜ் நின்றால் லைட் மங்குவதோடு போகாது; கொஞ்ச நேரத்தில் வண்டியே நின்றுவிடும். அரிச்சல்முனையில் மெக்கானிக் கடை கிடையாது. இராமேஸ்வரம் ஊர் சுமார் 20 கிலோமீட்டர். ஆம்பியர் மீட்டர் முள்ளை இராமேஸ்வரத்திலேயே ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.