மோல்டா: மதம் மாறியும் மாறாத மொழி



கத்தோலிக்கர்கள் தேவாலயத்தில் நின்று இறைவனை "அல்லா" என்றே அழைக்கும் நாடொன்று உண்டு என்றால் நம் பிள்ளைகள் நம்புவதில்லை. அந்த நாடுதான் மோல்டா.

சிசிலித் தீவுக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலின் நடுவே இருக்கிறது. மோல்டா, கோசோ, கொமினோ என்ற தீவுகள் சேர்ந்தும் பரப்பு 316 சதுர கிலோமீற்றர்தான். எமது கொழும்பு மாவட்டத்தின் பாதிகூட இல்லை. ஆனால் கோசோவிலுள்ள கற்கோயில்கள் எகிப்தின் பிரமிட்டுகளைவிடப் பழையவை.

கி.பி. 870இல் வட ஆபிரிக்காவின் அக்லபிய முஸ்லிம்கள் இத்தீவைக் கைப்பற்றினார்கள். 1091இல் நோர்மன்கள் வந்தார்கள். ஆட்சி போனாலும் முஸ்லிம்கள் அங்கேயே வாழ்ந்தார்கள். ஹிஜ்ரி 569 ஷஃபானில், அதாவது 1174இல், வபாத்தான மைமூனா என்ற பெண்ணின் மீஸான் கல் இன்றும் கோசோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். மொழி மட்டும் வெளியேறவில்லை.

அவர்களுடைய பழைய தலைநகரின் பெயர் இம்தீனா. அது நமது "மதீனா"தான். ரொட்டிக்கு "ஹொப்ஸ்", நத்தாருக்கு "மிலீத்", கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு "ரண்டான்". ரமழானிலிருந்து வந்த சொல் அது! இத்தாலியச் சொற்கள் நிறையக் கலந்தாலும் மொழியின் வேர் அரபுதான். எழுதுவதோ இலத்தீன் எழுத்தில்.

பின்பு 1530இல் புனித யோவான் வீரர்கள், 1798இல் நெப்போலியன், 1800இல் பிரித்தானியர் என்று ஆட்சிகள் மாறின. இலங்கையின் ஆளுநராக இருந்து கல்கிசையில் மாளிகை கட்டிய தோமஸ் மெயிற்லண்ட்தான் பின்னர் மோல்டாவின் ஆளுநரானார். நீண்ட காலம் படித்தவர்களின் மொழி இத்தாலியன். மோல்டா மொழி வீட்டுப் பாஷை மட்டுமே. 1934இல்தான் அது அரச மொழியானது. 1964இல் நாடு சுதந்திரம் பெற்றது. 2004 முதல் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் மொழிகளில் ஒன்று.

"முஸ்லிம்களாகிய நீங்கள் ஏன் தமிழ் பேசுகிறீர்கள்?" என்று எம்மிடம் கேட்பவர்கள் உண்டு. மொழி ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தமில்லை என்பதற்கு மோல்டா சாட்சி. அவர்கள் அரபில் பிறந்த மொழியை இலத்தீன் எழுத்தில் எழுதினார்கள். எமது மூதாதையர் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அந்த அரபுத் தமிழை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள்.

உம்மும்மாவின் பெட்டியில் அப்படியொரு பழைய கிதாபு இருந்தால், தயவுசெய்து வீசிவிடாதீர்கள். வாசிக்கத் தெரிந்த ஒரு மூத்தவரின் பக்கத்தில் பிள்ளையை உட்கார வையுங்கள்.