என்57: பி.எம்.டபிள்யூ எஸ்யூவிகளின் டீசல் இன்ஜின்

என்57 என்பது ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2008இல் அறிமுகப்படுத்திய மூன்று லிட்டர் டீசல் இன்ஜின். ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்பவை. 3, 5, 7 வரிசைக் கார்களிலும் எக்ஸ்3, எக்ஸ்5, எக்ஸ்6 எஸ்யூவிகளிலும் இது பொருத்தப்பட்டது. பி.எம்.டபிள்யூ டீசல் இன்ஜின்கள் உருவாவது ஆஸ்திரியாவின் ஸ்டைர் நகரில். தமிழ்நாட்டுக்கும் இந்த இன்ஜினுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 மார்ச் 29 அன்று இயங்கத் தொடங்கிய பி.எம்.டபிள்யூ ஆலையில்தான் இந்த இன்ஜினோடு எக்ஸ்3, எக்ஸ்5 வண்டிகள் இந்தியச் சந்தைக்காகப் பூட்டப்பட்டன. 2015 முதல் இந்த ஆலைக்கான இன்ஜின்களைச் சென்னைக்கு அருகிலேயே ஃபோர்ஸ் மோட்டார்ஸ் நிறுவனம் பூட்டிச் சோதித்துக் கொடுக்கிறது.

அந்த ஆலையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாக ஏறக்குறைய மூன்று மணி நேரம் போனால் திருவண்ணாமலை. மலைக்கு மேற்கே, கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைக்கு இந்த ரக எஸ்யூவிகள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தபடி இருக்கின்றன. நெடுஞ்சாலையில் விரட்டி வந்து, கிரிவலப் பாதையில் ஊர்ந்து, பிறகு மணிக்கணக்கில் நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடுவது இந்தப் பயணத்தின் வழக்கம். என்57இன் பலமும் பலவீனமும் இந்த ஒரே பயணத்தில் தெரிந்துவிடும்.

முன்னோடியும் வடிவமைப்பும்

இதற்கு முன் இருந்தது 1998இல் வந்த எம்57. தொடக்கத்தில் வார்ப்பிரும்பு பிளாக் கொண்டிருந்த முரட்டு இன்ஜின் அது. அதன் பெயரைக் கெடுத்தது காற்று உள்ளே போகும் வழியில் இருந்த சிறிய தகடுகள். சில வண்டிகளில் அவை கழன்று சிலிண்டருக்குள் விழுந்து பிஸ்டனையும் வால்வையும் நாசமாக்கின. என்57இன் பிளாக் அலுமினியக் கலவை, எடை குறைவு. என்57உடன் வந்த ஒரு மாற்றத்தைப் பற்றித்தான் இன்றும் மெக்கானிக்குகள் பேசுகிறார்கள்: முன்பக்கம் இருக்க வேண்டிய டைமிங் செயின், கியர்பாக்ஸ் பக்கமாகப் பின்னுக்குப் போனது. பானட்டைத் தாழ்வாக வைத்தால் விபத்தில் பாதசாரிக்குக் காயம் குறையும். ஃப்ளைவீல் பக்கம் அதிர்வும் குறைவு. பொறியியல் நோக்கில் நியாயமான காரணங்கள்தான், ஆனால் பழுது பார்ப்பவரின் கஷ்டம் அந்தக் கணக்கில் சேரவில்லை.

கொள்ளளவு 2,993 கன சென்டிமீட்டர். சிலிண்டர் விட்டம் 84 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 90 மில்லிமீட்டர், அழுத்த விகிதம் 16.5க்கு 1. சிலிண்டருக்கு நான்கு வீதம் 24 வால்வுகள். காமன் ரெயில் முறையில் டீசல் பாய்கிறது. முதல் 30டி வடிவம் 245 குதிரைத்திறனும் 540 நியூட்டன் மீட்டர் வரையிலான முறுக்குவிசையும் தந்தது. பின்னர் திருத்தி வந்த வடிவம் 258 குதிரைத்திறன், 560 நியூட்டன் மீட்டர். 2014இல் இந்தியாவில் வெளிவந்த மூன்றாம் தலைமுறை எக்ஸ்5 எக்ஸ்டிரைவ்30டியில் இருந்தது இதுதான். இரட்டை டர்போ பூட்டிய 40டி 306 குதிரைத்திறனில் தொடங்கி 313 வரை போனது. 2012இல் மூன்று டர்போக்களுடன் வந்த எம்50டி 381 குதிரைத்திறனையும் 740 நியூட்டன் மீட்டரையும் எட்டியது. எட்டு கியர் தானியங்கிப் பெட்டியோடு சேர்ந்து 30டி ஓடும் நயம் இன்றைய வண்டிகளுக்கும் சவால்தான். குறை சொல்லும் மெக்கானிக்குகளும் இதை மறுப்பதில்லை.

டைமிங் செயின்

இதே குடும்பத்தின் நான்கு சிலிண்டர் இன்ஜினான என்47தான் செயின் பழுதுக்குப் பேர்போனது. குறிப்பாக 2007 முதல் 2011 வரை வந்தவை. என்57இல் இந்தப் பழுது அவ்வளவு அடிக்கடி வருவதில்லை என்றாலும் அமைப்பு ஒன்றே: கிராங்க் ஷாஃப்டிலிருந்து டீசல் பம்புக்கு ஒரு செயின், அங்கிருந்து கேம் ஷாஃப்டுகளுக்கு இன்னொன்று. வழிகாட்டிகள் பிளாஸ்டிக். அவை தேய்ந்தால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் பின்பக்கத்திலிருந்து கரகரப்பு கேட்கும். செயினைத் தொட வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும், பல வண்டிகளில் இன்ஜினையே இறக்கிவிடுகிறார்கள். பாகத்தின் விலையைவிட இறக்கி ஏற்றும் கூலி அதிகம். சத்தத்தைக் கேட்டும் ஓட்டிக்கொண்டே போனால் செயின் அறுந்து வால்வுகள் பிஸ்டனில் மோதும். அதன் பிறகு வேறு இன்ஜின் தேடுவதே மலிவு.

நின்ற இடத்தில் ஓடும் இன்ஜின்

என்57 வரலாற்றில் மிகத் துயரமான நிகழ்வு இங்கிலாந்தில் நடந்தது. 2020 ஜனவரியில் கம்பிரியா பகுதியில், எம்6 நெடுஞ்சாலையில் அவசர அழைப்புக்கு விரைந்த காவல்துறை பி.எம்.டபிள்யூ ஒன்றின் இன்ஜின் உள்ளுக்குள் சிதைந்தது. எண்ணெய் வெளியேறித் தீப்பற்றி, வண்டி கட்டுப்பாடு இழந்தது. ஓட்டிய காவலர் இறந்தார். அது என்57. பிரிட்டிஷ் காவல்துறைகள் பலவும் இந்த இன்ஜின் வண்டிகளின் வேகத்துக்கு வரம்பு வைத்தன, அல்லது அவற்றை ஒதுக்கின. நீண்ட நேரம் நின்றபடி ஓடவிட்டு, திடீரென முழு வேகத்தில் விரட்டும் காவல்துறைப் பயன்பாட்டோடு தொடர்புடைய சிக்கல் இது, பொதுமக்கள் வண்டிகளுக்கு நடவடிக்கை தேவையில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு.

அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றாலும் நம் ஊர்க்காரர் காதில் அது வேறு மாதிரி விழ வேண்டும். பௌர்ணமியிலும் கார்த்திகை தீபத்திலும் கிரிவலப் பாதையில் வண்டிகளை விடுவதில்லை. ஊருக்கு வெளியே தற்காலிக நிறுத்தங்களில் கார்கள் வரிசையாக நிற்கும். முதலாளி குடும்பம் 14 கிலோமீட்டர் நடந்து முடித்துத் திரும்பும்வரை டிரைவர் ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளே படுத்திருப்பார். நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம் இன்ஜின் நிற்காது. எல்லாரும் ஏறியதும் விடிவதற்குள் சென்னை சேர வேண்டும் என்று செஞ்சி சாலையில் பாய்ச்சல். இங்கிலாந்துக் காவலர்களின் வேகம் இதில் இல்லை, வரிசை மட்டும் அதே வரிசை.

நின்ற இடத்தில் இன்ஜின் ஓடும்போது எண்ணெய் பம்பின் அழுத்தம் குறைவு. எரிதல் முழுமையாக நடக்காததால் கரி சேரும். டிபிஎஃப் எனப்படும் புகைக்கரி வடிகட்டி உள்ள வண்டிகளில், அதைச் சுத்தம் செய்வதற்காக இன்ஜின் கூடுதலாகத் தெளிக்கும் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியே வடிந்து எண்ணெயில் கலக்கும். நீர்த்துப்போன எண்ணெயை நம்பித்தான் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகள் சுழல்கின்றன. இந்த மணிக்கணக்கில் ஒரு நிமிடம்கூட ஓடோமீட்டரில் ஏறாது. கிலோமீட்டரைப் பார்த்து எண்ணெய் மாற்றுகிறவருக்கு, எண்ணெய் உண்மையில் எவ்வளவு உழைத்தது என்பது தெரியாமலே போய்விடுகிறது. நிறுவனம் சொல்லும் நீண்ட இடைவெளி ஐரோப்பிய நெடுஞ்சாலைக்குப் பொருந்தலாம். இங்கே பத்தாயிரம் கிலோமீட்டரைத் தாண்டவிடாமல், அல்லது ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது எண்ணெயை மாற்றுவதே விவேகம். லாங்லைஃப்-04 தர எண்ணெயையே ஊற்ற வேண்டும்.

வடிகட்டியும் தெர்மோஸ்டாட்டும்

டிபிஎஃப் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும். அதற்குச் சில பத்து நிமிடங்களாவது சீரான வேகத்தில் வண்டி ஓட வேண்டும். வேகத்தடைகளும் நடப்பவர்களும் ஆட்டோக்களும் நிறைந்த அடி அண்ணாமலைச் சாலையில் அது நடக்காது, திண்டிவனம்–கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலையில் நடக்கும். வெளியூரிலிருந்து வந்து போகும் வண்டிக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. வாங்கி வந்து உள்ளூருக்குள் மட்டும் ஓட்டுபவர்தான் எச்சரிக்கை விளக்கைப் பார்ப்பார்.

இதில் எளிதில் தவறவிடும் காரணம் ஒன்று உண்டு. என்57இன் தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே சிக்கிக்கொள்வது வழக்கமான பழுது. அப்போது கூலன்ட் போதிய சூட்டை எட்டாது, இன்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாகக் கணினி நினைத்துச் சுத்தம் செய்வதையே தொடங்காது. வெயில் கொளுத்தும் திருவண்ணாமலையில் இன்ஜின் சூடாகவில்லை என்று யாரும் சந்தேகப்படமாட்டார்கள். இதனால் தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டிய இடத்தில் விலை உயர்ந்த வடிகட்டியை மாற்றிவிடுகிறார்கள்.

இஜிஆர் கூலர்

வெளிவரும் புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு இஜிஆர். அதன் கூலர் கசிந்தால் கூலன்ட் கரியோடு கலந்து படியும், சூடான புகை பட்டால் அந்தப் படிவு கனன்று பிளாஸ்டிக் மேனிஃபோல்டை உருக்கும். 2018இல் தென்கொரியாவில் 30க்கும் மேற்பட்ட பி.எம்.டபிள்யூ கார்கள், பெரும்பாலும் 520டி, தீப்பிடித்தபோதுதான் உலகம் இதைக் கவனித்தது. அங்கே சுமார் 1 லட்சத்து 6 ஆயிரம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த அக்டோபருக்குள் உலக அளவில் எண்ணிக்கை 16 லட்சத்தைத் தாண்டியது. கூலன்ட் அளவு காரணமில்லாமல் குறைந்தால் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்காமல் இஜிஆர் கூலரைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

மற்றவை சில்லறைப் பழுதுகள்: கிராங்க் புல்லியின் ரப்பர் பிரிவது, எண்ணெய் வடிகட்டி இருக்கையின் கேஸ்கட்டில் கசிவு, குளோ பிளக் கட்டுப்பாட்டுப் பெட்டி செத்துப்போவது. புல்லியை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது, அது பிரிந்தால் பெல்ட்டும் போகும்.

அடுத்து வந்ததும் பழைய வண்டி வாங்குவதும்

2015 முதல் பி57 இந்த இடத்தைப் பிடித்தது. அதே 2,993 கன சென்டிமீட்டர். 2019இல் இந்தியா வந்த நான்காம் தலைமுறை எக்ஸ்5 30டியில் 265 குதிரைத்திறன், 620 நியூட்டன் மீட்டர். செயின் இன்னும் பின்பக்கம்தான்.

டெல்லியில் பத்து ஆண்டைக் கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்ததிலிருந்து அங்கிருந்து பழைய சொகுசு டீசல்கள் தெற்கே வருவது பெருகியது. புதிதாக எழுபது, எண்பது லட்சம் ஆன வண்டி அதில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது என்றதும் கை துறுதுறுக்கும். பராமரிப்புச் செலவு விலையோடு சேர்ந்து இறங்காது. திருவண்ணாமலையில் பழுது வந்தால் பெரும்பாலும் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். கிலோமீட்டர் குறைவு என்பதை மட்டும் நம்பாமல் எண்ணெய் மாற்றிய பில்களைக் கேளுங்கள். இஜிஆர் திரும்ப அழைப்பு வேலை முடிந்ததா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் விசாரியுங்கள். இரவு முழுதும் ஆறிய இன்ஜினின் முதல் ஸ்டார்ட்டைப் பின்பக்கம் நின்று கேளுங்கள். நீங்கள் போகும்போது விற்பவர் வண்டியை ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.