அப்பாவின் தொழில் என்ன? - ஊடகம் படிக்கும் பிள்ளைகளுக்கான புலமைப்பரிசில்கள்

“அக்கா, இந்தப் போமில அப்பான்ர தொழில் எண்டு ஒரு இடம் இருக்கு. அதில என்ன எழுதுறது?”

முல்லைத்தீவிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கும் முதலாம் வருட மாணவி ஒருவர் தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. ஊடகக் கற்கைகளைத் தெரிவு செய்யப்போகிறேன் என்று ஒரு பயிற்சிப் பட்டறையில் சொன்னபோது, ஏதும் தேவையென்றால் கேளுங்கள் என்று எனது இலக்கத்தைக் கொடுத்திருந்தேன். அவருடைய அப்பா 2009 மே மாதத்துக்குப் பிறகு வீடு திரும்பவில்லை. அம்மா இன்றுவரை மரணச் சான்றிதழ் எடுக்கவில்லை. எடுக்கப்போவதுமில்லை.

நானும் ஊடகக் கற்கைகளில் பட்டம் பெற்று, இப்போது சுதந்திர ஊடகவியலாளராக வேலை செய்பவள். புதிய அணி உள்வாங்கப்படும் ஒவ்வொரு முறையும் இப்படியான அழைப்புகள் வருகின்றன. எந்தப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கலாம், என்ன ஆவணம் வேண்டும், வெளிநாட்டுக்குப் போக வழி உண்டா, யாரோ பணம் தருகிறார்களாம் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தவற்றை ஓரிடத்தில் எழுதிவைப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் மகாபொல

அரச பல்கலைக்கழகத்தில் ஊடகம் படிக்கும் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய முதல் உதவி, ஊடகத்துக்கென்று தனியாக உள்ள ஒன்றல்ல. எல்லாத் துறை மாணவருக்கும் பொதுவான மகாபொலதான் அது. லலித் அத்துலத்முதலி அமைச்சராக இருந்தபோது உருவாக்கிய இந்த நிதியம், 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. லொத்தர் வருமானத்தின் ஒரு பகுதியும் இதற்கு வருகிறது. உயர்தரப் பெறுபேற்றின் அடிப்படையில் ஒரு தொகுதியினரும், குடும்ப வருமானத்தின் அடிப்படையில் இன்னொரு தொகுதியினரும் தெரிவாகிறார்கள். மகாபொல கிடைக்காதவர்களுக்கு, மாணவர்கள் ‘பர்சரி’ என்று சொல்லும் உதவுதொகை பல்கலைக்கழகத்தின் ஊடாக வழங்கப்படுகிறது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், உதவுதொகை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன.

இதில் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, தவணைகள் பிந்தி வருவது வழமை. முதல் வருடத்தின் முதல் சில மாதங்களை இந்தப் பணத்தை நம்பித் திட்டமிட வேண்டாம். விடுதிக் கட்டணம், சாப்பாடு, போக்குவரத்துக்கு வேறு வழி பார்த்துவையுங்கள். இரண்டு, விரிவுரை வரவு போதாவிட்டால் தவணை நிறுத்தப்படலாம். ஊடக மாணவருக்கு இது சிக்கலானது. களத்துக்குப் போனால் வரவு குறையும், வரவைப் பார்த்தால் களம் இல்லை. துறையின் அனுமதியோடு போகும் களப்பயணத்துக்குத் துறைத் தலைவரிடம் எழுத்தில் கடிதம் வாங்கிவையுங்கள். வாய்ச்சொல் நிர்வாகக் கிளையில் செல்லாது.

படிவமும் இழந்துபோன ஆவணங்களும்

வருமான அடிப்படையிலான எந்த உதவிக்கும் கிராம அலுவலர் உறுதிப்படுத்தி, பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட வருமான அறிக்கை கேட்கப்படும். பெற்றோரின் தொழில், காணி, படிக்கும் சகோதரர்களின் விபரம் எல்லாம் அதில் வரும். இடம்பெயர்வில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்களுக்கு இந்தப் பக்கங்கள்தான் மிகவும் கடினமானவை.

அந்த மாணவிக்கு நான் முதலில் சொன்னது, அந்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள் என்பதுதான். வெறுமையான கட்டம் முழுமையற்ற விண்ணப்பமாகக் கருதப்பட்டு ஒதுக்கப்படும். ‘காணாமல் ஆக்கப்பட்டவர்’ என்று எழுதி, அதற்கான ஆதாரத்தை இணையுங்கள்.

அந்த ஆதாரம் மரணச் சான்றிதழாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணங்களைப் பதிவுசெய்தல் (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, காணாமல் போனவரின் குடும்பம் மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, அவர் காணாமல் போயுள்ளார் என்பதற்கான சான்றிதழைப் பெறும் வழி ஏற்படுத்தப்பட்டது. உதவித்திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும்போது இதைக் காட்டலாம். இதையும் வேண்டாம் என்று மறுக்கும் தாய்மார் இருக்கிறார்கள். உண்மை தெரியாமல் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்கமாட்டோம் என்ற அவர்களின் நிலைப்பாட்டைப் பிள்ளையின் புலமைப்பரிசிலுக்காக மாற்றச்சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படியான வீடுகளில், குடும்பத்தைத் தாயே கொண்டுநடத்துகிறார் என்று கிராம அலுவலரிடம் கடிதம் பெற்று, முன்பு செய்த முறைப்பாடுகளின் பிரதிகளையும் சேர்த்துக் கொடுக்கலாம். என் வகுப்புத் தோழி ஒருவர் அப்படித்தான் கொடுத்தார். அலுவலகத்துக்கு மூன்று தரம் அலைந்த பிறகு ஏற்றுக்கொண்டார்கள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, காரணம் சொல்லப்படாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். பல்கலைக்கழகம் ஒரு பகிரங்க அதிகாரசபை. அங்குள்ள தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். உங்கள் விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டது, எந்த அளவுகோலில் தெரிவு நடந்தது என்று கேளுங்கள். ஊடக மாணவருக்கு அது முதல் களப்பயிற்சியாகவும் அமையும்.

பட்டத்துக்குப் பிறகு

வெளிநாட்டுப் புலமைப்பரிசில்களில் நம்மவர்கள் அதிகம் கேட்பது பிரித்தானிய அரசின் செவனிங். ஒரு வருட முதுமாணிக்கான முழுச் செலவையும் தருகிறது. குறைந்தது 2 வருட வேலை அனுபவம், அதாவது 2,800 மணித்தியாலங்கள் கேட்பார்கள். பகுதிநேர வேலையும் தொண்டர் வேலையும் கணக்கில் வரும். பிராந்தியச் செய்தியாளராகப் பத்திரிகைக்கு எழுதியவர்களிடம் நியமனக் கடிதம் இருப்பதில்லை. ஆகவே எழுதிய ஒவ்வொரு செய்தியின் திகதியையும் பிரதியையும் செலவிட்ட நேரத்தையும் இன்றே ஒரு கொப்பியில் பதியத் தொடங்குங்கள். நான் இதைச் செய்யவில்லை. பின்னர் பழைய பத்திரிகைக் கட்டுகளைத் தேடி நூலகங்களில் அலைந்தேன்.

அமெரிக்காவில் முதுமாணி படிப்பதற்கான புல்பிரைட், கொழும்பிலுள்ள அமெரிக்க - இலங்கை புல்பிரைட் ஆணைக்குழுவின் ஊடாக வருகிறது. ஐரோப்பாவில் டென்மார்க்கின் ஓகூஸ் பல்கலைக்கழகம் மற்றப் பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து நடத்தும் இரண்டு வருட இரஸ்மஸ் முண்டஸ் இதழியல் முதுமாணி இருக்கிறது. இதற்குத் தெரிவானவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டுமே புலமைப்பரிசில் உண்டு. கிடைத்தால் மாதம் 1,400 யூரோ. இந்திய அரசு இலங்கையருக்கு வழங்குவனவற்றில் நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் இளமாணிக்கும், மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் முதுமாணிக்கும் உரியவை. விளம்பரம் இந்தியத் தூதரகமும் கல்வி அமைச்சும் ஊடாக வரும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் நிற்கும் மதில் ஆங்கிலம். ஐஎல்ரிஎஸ் பரீட்சைக் கட்டணமே ஒரு மாணவியின் பல மாத மகாபொலவை விழுங்கிவிடும். இறுதி வருடத்தில் ஆங்கிலம் தொடங்கினால் பிந்திவிடும். முதல் வருடத்திலேயே தொடங்குங்கள்.

செவனிங் முடித்தவர் 2 வருடங்களுக்காவது நாடு திரும்ப வேண்டும். புல்பிரைட்டிலும் அப்படியான நிபந்தனை உண்டு. புலமைப்பரிசிலை வெளியேறும் வழியாக நினைக்கும் பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன், அவர்கள் பட்டது அப்படி. ஆனால் அச்சுறுத்தலுக்கு உள்ளான ஒருவருக்குத் தேவை வேறு. ஊடகவியலாளர்களைப் பாதுகாக்கும் குழு, எல்லைகளற்ற செய்தியாளர்கள் போன்ற அமைப்புகள் அவசர உதவி வழங்குகின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி விண்ணப்பித்தால் இரண்டும் கைவிட்டுப் போகலாம்.

இன்னொரு எச்சரிக்கை. செவனிங், புல்பிரைட் விண்ணப்பங்களுக்குக் கட்டணம் இல்லை. ‘எடுத்துத் தருகிறேன்’ என்று முற்பணம் கேட்பவரிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

கொடுப்பவர் யார்?

மருத்துவ பீட மாணவிக்கு ஓர் அரசியல்வாதி பணம் கொடுத்தால், அவர் எழுதும் மருந்துச் சீட்டு அதனால் மாறாது. ஊடக மாணவியின் நிலை அப்படியல்ல. இன்று காசோலை தருபவர் நாளை அவருடைய செய்தியில் வரவேண்டியவராக இருக்கலாம். அரசியல்வாதி, ஒப்பந்தகாரர், தொண்டு நிறுவனம், ஊடக முதலாளி, வெளிநாட்டுத் தூதரகம் என்று எல்லோருக்கும் இது பொருந்தும்.

வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டில் அடுப்பு எரியாதவரிடம் அப்படிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நிபந்தனைகள் எழுத்தில் உண்டா? பட்டம் முடிந்தபின் அவர்களிடம் வேலை செய்ய வேண்டுமா? உங்கள் படத்தையும் குடும்பக் கதையையும் வெளியிடுவார்களா?

மூன்றாவது கேள்விக்குக் காரணம் இருக்கிறது. நான் இரண்டாம் வருடத்தில் படித்தபோது ஓர் அமைப்பு எனக்கு ஒரு தொகை தந்தது. மேடையில் காசோலையோடு எடுத்த படம், என் குடும்பத்தின் இழப்புப் பட்டியலோடு அன்று மாலையே முகநூலில் வந்தது. என்னிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. அடுத்தவரின் துயரத்தை அனுமதியில்லாமல் படமெடுக்கக் கூடாது என்று அந்தக் கிழமைதான் வகுப்பில் படித்திருந்தேன்.

கமராவுக்கு யார் கொடுப்பது?

புலம்பெயர்ந்த உறவுகளும் பழைய மாணவர் சங்கங்களும் இந்த மண்ணின் பிள்ளைகளைப் படிக்கவைத்ததை மறக்க முடியாது. ஆனால் அந்த உதவி மருத்துவத்தையும் பொறியியலையும் தேடிப் போகும் அளவுக்கு ஊடகத்தைத் தேடி வருவதில்லை. ‘இதைப் படித்து என்ன செய்யப்போகிறாய்?’ என்ற கேள்வியோடு ‘ஏன் வீண் ஆபத்து?’ என்ற கேள்வியும் சேர்ந்து வரும்.

அந்தப் பயம் காரணமில்லாததல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து பிபிசிக்குச் செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 அன்று தன் வீட்டில் கொல்லப்பட்டார். 2007 ஓகஸ்ட் 1 அன்று ஊரடங்கு நேரத்தில் கொக்குவிலில் சுடப்பட்ட சகாதேவன் நிலக்சனுக்கு வயது 22. அவர் யாழ். பல்கலைக்கழகத்தின் ஊடக வளங்கள் மற்றும் பயிற்சி நிலையத்தின் மாணவர். இந்தக் கொலைகளுக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. ஊடகம் படிக்கும் பிள்ளையின் தாய் இதையெல்லாம் தெரிந்துகொண்டே அனுப்புகிறாள்.

அப்படியிருந்தும் படிக்க வரும் பிள்ளைகள் காசில்லாமல் இடையில் நிற்கக்கூடாது. வசதியுள்ளவர்கள் மட்டும் இந்தத் துறையில் எஞ்சினால், காணி விடுவிப்பும் கடற்றொழிலாளர் பிரச்சினையும் வெளியிலிருந்து வருபவரின் ஒருநாள் செய்தியாக முடிந்துவிடும். அந்த ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு யாரிடம், எப்போது, என்ன கேட்க வேண்டும் என்று தெரியும்.

ஆகவே உதவ விரும்பும் சங்கங்களிடம் சில கோரிக்கைகள். மாதத் தொகையோடு நிற்காமல், துறையிலோ நூலகத்திலோ மாணவர்கள் இரவல் வாங்கக்கூடியதாக ஒரு கமராவும் இரண்டு ரெக்கோடர்களும் வாங்கிக் கொடுங்கள். இறுதி வருட ஆய்வுக்கான பஸ் செலவையும் டேட்டா செலவையும் பொறுப்பெடுங்கள். பயிலுனர் காலத்துக்கு ஒரு படி கொடுங்கள். நான் பயிலுனராக இருந்த பத்திரிகையில் பஸ் காசுகூடக் கிடைக்கவில்லை. செய்தி சேகரிக்கப் போன நாட்களில் மதியச் சாப்பாட்டை விட்டேன். ஒருவருக்கு ஆங்கிலப் பரீட்சைக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். தெரிவைத் துறையின் ஆசிரியர்களிடமும் சுயாதீனமான ஒருவரிடமும் விடுங்கள். என்ன எழுத வேண்டும் என்று சொல்லாதீர்கள். மேடையும் படமும் வேண்டாம்.

முல்லைத்தீவு மாணவியின் படிவம் பாரம் கொடுக்கப்பட்டுவிட்டது. ‘காணாமல் ஆக்கப்பட்டவர்’ என்றே எழுதினார். எழுதும்போது அம்மா பக்கத்தில் இருந்தாராம். முதல் தவணை இன்னும் வரவில்லை. இடைக்கிடை அழைத்து, எப்ப வருமக்கா என்று கேட்கிறார். என்னிடமிருந்த பழைய ரெக்கோடரைக் கொடுத்திருக்கிறேன். பற்றரி கொஞ்சம் பழுது, ஒரு மணித்தியாலம் தாங்கும்.