சமிக்ஞைப் பதிவுகளையும் தரவுப் போக்குவரத்தையும் பொருத்துதல்

கைபேசி வலையமைப்பில் பயனரின் தரவு ஒரு வழியிலும், அதை நடத்தும் சமிக்ஞை வேறு வழியிலும் செல்கின்றன. இரண்டின் பதிவுகளையும் ஒரே சந்தாதாரரின் ஒரே இணைப்புக்கு உரியவையெனக் கண்டு சேர்ப்பது பொருத்துதல். பழுதறியவும் சேவைத் தரத்தை அளக்கவும் இது தேவை.

4ஜி வலையமைப்பில், கோபுரத்துக்கும் சேவை நுழைவாயிலுக்கும் இடையே எஸ்1-யு இடைமுகத்தில் ஓடும் ஜிடிபி-யு பொட்டலங்களின் தலைப்பில் சந்தாதாரரை அடையாளம் காட்டும் ஐஎம்எஸ்ஐ எண் இருப்பதில்லை; டிஇஐடி என்னும் 32 பிட் சுரங்க எண்தான் இருக்கும். அந்தச் சுரங்கம் யாருடையது என்பதை, எம்எம்இ என்னும் இணைப்பு மேலாண்மைக் கருவிக்கும் சேவை நுழைவாயிலுக்கும் இடையிலான எஸ்11 இடைமுகச் சமிக்ஞை சொல்லும். இணைப்பு தொடங்குகையில் எம்எம்இ அனுப்பும் அமர்வு உருவாக்கக் கோரிக்கையில் ஐஎம்எஸ்ஐ, சேர வேண்டிய வலையமைப்பின் பெயரான ஏபிஎன், பயனர் இருக்கும் செல் ஆகியவை இடம்பெறும். மறுமொழியில் கைபேசியின் ஐபி முகவரியும் நுழைவாயிலின் டிஇஐடியும் வரும். கோபுரப் பக்கத்து டிஇஐடி அதன்பின் வரும் பியரர் (தரவுத் தடம்) மாற்றக் கோரிக்கையில் கிடைக்கும்.

டிஇஐடியை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். அது தன்னை ஒதுக்கிய கருவிக்குள் மட்டுமே தனித்தது. அமர்வு முடிந்ததும் வேறொருவருக்குப் போகலாம். ஆகவே டிஇஐடி, பெறும் கருவியின் ஐபி முகவரி, நேரம் மூன்றையும் சேர்த்தே தேட வேண்டும். பயனர் அடுத்த கோபுரத்துக்கு நகர்ந்தால் கோபுரப் பக்கத்து எண் மாறும். பதிவுக் கருவிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டால் ஒருவரின் தரவு இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும். தொடக்கச் செய்தியைத் தவறவிட்ட இடத்தில் தரவு உரிமையாளர் பெயரின்றியே நிற்கும்.

5ஜியில் சுரங்க எண்கள், அமர்வை நிர்வகிக்கும் எஸ்எம்எஃப், தரவைக் கடத்தும் யுபிஎஃப் ஆகியவற்றின் இடையே பிஎஃப்சிபி நெறிமுறையில் பரிமாறப்படுகின்றன. மையக் கருவிகளுக்கு இடையேயான மற்றச் சமிக்ஞைகளில் பெரும்பகுதி எச்டிடிபி/2 வழியே செல்கிறது. அதில் டிஎல்எஸ் மறையாக்கம் இருந்தால் வெளியிலிருந்து படிக்க முடியாது.