வேலியோரக் கனிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தைப் பற்றிப் படிக்கும்போது அரசியாரும் ஆலைப் புகையும் புகைவண்டியுமே நம் கண்முன் நிற்கின்றன. அந்நாட்டு ஏழைச் சிறுவனைக் கேட்டிருந்தால் அவன் வேறொன்றைச் சொல்லியிருப்பான். கோடை முடியும் வேளையில் வயல் வேலிகளில் பிளாக்பெர்ரி என்னும் முட்புதர்க் கனி கறுக்கத் தொடங்கும். வகுப்பறைகள் காலியாகும். பிள்ளைகள் வராததற்குக் காரணம் 'பழம் பறிக்கப் போய்விட்டார்கள்' என்று அக்காலத் தலைமையாசிரியர்கள் பள்ளி நாட்குறிப்பேட்டில் எழுதிவைத்த பதிவுகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. எதையேனும் ஏராளம் என்று சொல்ல வேண்டுமானால் 'பிளாக்பெர்ரி போல மலிந்து கிடக்கிறது' என்பது அம்மக்களின் வழக்கு. அதன் வேர் ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றில் இருக்கிறது.

அதிதூதர் மிக்கேலின் திருநாளாகிய செப்டம்பர் 29-க்குப் பின் அக்கனியை உண்ணலாகாது என்ற நம்பிக்கையும் அங்கே இருந்தது. விண்ணிலிருந்து தள்ளப்பட்ட லூசிபர் இம்முட்புதரின் மேல்தான் விழுந்தானாம். வலி பொறுக்காமல் அதைச் சபித்தானாம். குளிரும் ஈரமும் மிகும் பருவத்தில் பழம் பூசணம் பிடித்துக் கெடும் என்பதே உண்மையான காரணமாக இருக்கலாம். ஆயினும் அறிவுரையாகச் சொன்னால் கேளாத பிள்ளைகள் கதையாகச் சொன்னால் கேட்பார்கள் என்பதை அந்நாட்டுத் தாய்மார் அறிந்திருந்தனர்.

இக்கனி விளைந்த வேலிக்குக் கசப்பான வரலாறு ஒன்று உண்டு. 1604 முதல் 1914 வரை ஆங்கிலேய நாடாளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்களை இயற்றி, 68 இலட்சம் ஏக்கர் நிலத்தை அடைத்துத் தனியுடைமையாக்கியது. மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் ஏழைகளுக்கு இருந்த உரிமை பல ஊர்களில் பறிபோயிற்று. அடைப்பதற்காக நட்ட வேலிகளிலேயே பிளாக்பெர்ரி படர்ந்தது. எந்த வேலி ஏழையை வெளியே நிறுத்தியதோ, அதே வேலி அவன் பக்கமாகவும் பழுத்தது!

இவையெல்லாம் நமக்கெதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். காங்கயத்திலிருந்து தாராபுரம் வரை பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து போனவர்கள் கேட்கமாட்டார்கள். அவ்வழியின் இருமருங்கிலும் நம் கொங்கு நாட்டுக்கே உரிய கொறங்காடுகள் விரிந்து கிடக்கின்றன. ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரைக்கூட எட்டாத மழையை நம்பி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்து, காங்கயம் காளைகளையும் ஆடுகளையும் மேயவிடும் தனியார் மேய்ச்சல் நிலங்கள் அவை. அவற்றைச் சுற்றி இருப்பது உயிர்வேலி. கிளுவைப் போத்துகளை வெட்டி நெருக்கமாக நட்டால் அவை வேர்விட்டு, முள் விட்டு, பின்னிக்கொள்ளும். போக வரப் படல் வைத்த வழி ஒன்று இருக்கும். அவ்வளவுதான்.

கிளுவைக்கு ஊடே தாமாக வந்து சேர்ந்தவையே நம் கதைக்கு உரியவை. மஞ்சளாய்ப் பழுக்கும் காரை, வெண்முத்துப் போன்ற சங்கம்பழம், பால் வடியும் களா, மார்கழிக் குளிரில் பழுக்கும் இலந்தை எனப் பல. இவற்றுள் கொங்கு நாட்டின் பிளாக்பெர்ரி எதுவென்று கேட்டால், சூரை என்பேன். மிளகைவிடச் சற்றே பெரிதாகக் கறுத்து மின்னும் பழம். பறிப்பவன் கையை விடாமல் பின்னோக்கி இழுக்கும் கொக்கி முள். புளிப்பும் இனிப்புமாக நாக்கில் நிற்கும் அச்சுவைக்காகச் சட்டையைக் கிழித்துக்கொண்டு வீட்டில் அடி வாங்காத பையன் என் தலைமுறையில் இல்லை.

இச்சுவைக்கு நம் இலக்கியத்தில் ஈராயிரம் ஆண்டுச் சான்று உண்டு. புறநானூற்றின் 177-ஆம் பாடலில் ஆவூர் மூலங்கிழார் காட்டும் ஆடவர், புளிப்பை விரும்பிக் களாவையும், இலந்தை இனத்ததாகிய துடரியையும் தின்கிறார்கள்; அவை சலித்தபின் ஆற்று மணல்மேட்டில் ஏறிக் கரிய நாவற்பழம் கொய்து உண்கிறார்கள். பலாவுக்குக் காத்திருப்பதைவிடக் கையில் உள்ள களாக்காயே மேல் என்று நம் பாட்டிமார் சொல்லும் பழமொழியும் இவ்வழியில் வந்ததே.

வேலியோரக் கனிகளில் ஒன்று மட்டும் அயல்நாட்டு விருந்தாளி. அது சப்பாத்திக்கள்ளி. அமெரிக்கக் கண்டத்துக் கள்ளியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து செஞ்சாயம் எடுத்து ஸ்பானியர் பெரும்பொருள் ஈட்டிவந்தனர். அதில் பங்கு பெற விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே அமைத்தார். 1795-இல் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த பூச்சி உண்மையான சாயப்பூச்சியன்று. அதன் மட்டமான உறவு. சாயம் தேறவில்லை, கள்ளி மட்டும் நிலைத்தது. சாயத்தின் பொருட்டு நொய்யல் பட்ட பாட்டை அறிந்த நமக்கு இது புதிய கதையன்று.

ஆயினும் 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில், தானியம் கிட்டாத மக்கள் இக்கள்ளிப் பழத்தைத் தின்று உயிர்தாங்கினர். மேல்முள்ளைத் தரையில் தேய்த்து, உள்ளிருக்கும் நட்சத்திர முள்ளை எடுத்தெறிந்து, வாயெல்லாம் சிவக்கத் தின்னும் முறையை முதலில் கண்டுபிடித்தவர் யாரோ! எந்த அரசும் அவருக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியைக் கொணர்ந்து விட்டார்கள். சில ஆண்டுகளிலேயே தென்னாட்டின் கள்ளிக்காடுகள் பெரும்பாலும் அழிந்தன. விளைநிலம் மீண்டதில் உழவருக்கு மகிழ்ச்சியே.

ஆனால் கிளுவை வேலி அழிவதில் யாருக்கு மகிழ்ச்சி என்று எனக்கு விளங்கவில்லை. பனியன் தொழில் பெருகப் பெருகத் திருப்பூரைச் சுற்றிலும் காடுகள் மனைகளாயின. கிளுவை நின்ற இடத்தில் கல்தூணும் முள்கம்பியும், அதற்குப்பின் சுற்றுச்சுவரும் வந்தன. பிழைப்புக்கு வழிசெய்த தொழிலை நான் குறை கூறவில்லை. என் பங்கு மக்களுள் பெரும்பாலோர் அதனால் உண்பவர்கள். கம்பியும் எல்லையைக் காக்கிறது, கிளுவையும் காத்தது. கம்பியில் பழம் பழுப்பதில்லை. காடு உடையவருக்கு, வேலிப்பழம் வழிப்போக்கருக்கு என்று எந்தப் பத்திரத்திலும் எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் நம்மிடையே இருந்தது. விற்பனைக்கன்றி, காட்டில் தானே விளைந்த கனியைப் பறிப்பது திருட்டாகாது என்று இங்கிலாந்தின் 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் எழுதியே வைத்திருக்கிறது. நாம் எழுதிவைக்கவில்லை, வேலியோடு ஒப்பந்தமும் போயிற்று.

சென்ற தை மாதம் மறைக்கல்விப் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு குண்டடம் பக்கம் போயிருந்தேன். கொறங்காட்டு வேலி ஒன்றில் சூரை பழுத்திருந்தது. பிள்ளைகளுள் ஒருவருக்கும் அதன் பெயர் தெரியவில்லை. நான் பறித்து வாயிலிட்டதைக் கண்டு, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் காட்டின் படலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சாமி, காட்டுக்காரர் பார்த்தால் திட்டமாட்டாரா?" என்றான்.