பினாங்கு சவேரியார் பள்ளியும் நம் பிள்ளைகளும்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் தென்காசி, கடையநல்லூர்ப் பகுதி வீடுகளுக்குக் கடல் கடந்த உறவினர் வரத் தொடங்குவர். சிங்கப்பூர், பினாங்கு, கோலாலம்பூர் எனப் பிரிந்து வாழும் குடும்பங்கள் அருவிக் கரையில் ஒன்றுகூடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவ்வாறு வந்திருந்த என் தாய்மாமன் மகனோடு ஒரு மாலை ஐந்தருவிச் சாலையில் நடந்தபோது, தாம் படித்த பள்ளியைப் பற்றி அவர் நெடுநேரம் பேசினார். பினாங்கு ஃபார்குவார் தெருவிலுள்ள புனித சவேரியார் பள்ளி அது. காலையில் கத்தோலிக்கத் துறவியரிடம் ஆங்கிலமும் கணிதமும், மாலையில் பள்ளிவாசல் மத்ரஸாவில் குர்ஆனும் என்று தம் இளமை கழிந்ததாகச் சொன்னார். மத்ரஸாவிலேயே வளர்ந்த எனக்கு அவ்விரட்டைக் கல்வி வியப்பையும், மறைக்காமல் சொன்னால் சிறிது பொறாமையையும் தந்தது. அப்பள்ளியின் வரலாற்றைத் தேடிப் படிக்க அதுவே தூண்டுதலாயிற்று.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றியபின் அங்குக் குடியேறியவர்களில் தமிழ் முஸ்லிம் வணிகர் முன்வரிசையில் இருந்தனர். அவர்தம் தலைவராக விளங்கிய காதிர் முஹ்யித்தீன் 1801இல் எழுப்பிய பள்ளிவாசலே இன்றும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் என்ற பெயரில் நிமிர்ந்து நிற்கிறது. ஆங்கிலக் கல்விக்கென 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் தோன்றியது. அதன் நிறுவனர் ஹட்சிங்ஸ் ஆங்கிலிக்கன் திருச்சபைப் போதகர். கத்தோலிக்கர் தரப்பில், சிங்கப்பூரிலிருந்த பிரெஞ்சுப் பாதிரியார் பெரெலின் முயற்சியால் 1852இல் 'லா ஷூலி' என்னும் கப்பலில் லசாலியத் துறவியர் வந்திறங்கினர். சிங்கப்பூரில் புனித சூசையப்பர் பள்ளியும் பினாங்கில் புனித சவேரியார் பள்ளியும் அவ்வாண்டிலேயே உருவாயின.

லசாலியர் யார் என்பதை நம் வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். இவர்கள் பாதிரிமார் அல்லர். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ரைம்ஸ் நகரில் ஜான் பாப்டிஸ்ட் தெ லசால் என்பவர் நிறுவிய சபையைச் சேர்ந்த சகோதரர்கள். பூசை நிகழ்த்துவதோ ஞானஸ்நானம் கொடுப்பதோ இவர்தம் பணியன்று. திருமணமின்றி மடத்தில் வாழ்ந்து, பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையே தவமாகக் கொண்டவர்கள். பாதிரியார் என்றால் மதமாற்றக்காரர் என்று மட்டுமே அறிந்திருந்த நம் முன்னோர்க்கு இவ்வேறுபாடு தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அவர்கள் அஞ்சியதில் தவறு காண முடியாது. ஆட்சியாளரின் மதமும் ஆசிரியரின் மதமும் ஒன்றாயிருந்த காலம் அது. நெல்லைச் சீமையிலும் ஆங்கிலப் படிப்பை ஐயத்துடன் நோக்கிய பெரியோர் பலர் இருந்தனர். மலாய் நாட்டிலோ ஆங்கிலேயர் ஓர் எல்லையை வகுத்துக்கொண்டனர். 1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கையின்படி பேராக் சுல்தான் ஆங்கில அதிகாரியின் அறிவுரையை ஏற்க வேண்டும். ஆனால் மலாயரின் மதமும் மரபும் அதற்கு விலக்கு. பினாங்கு நேரடிக் குடியேற்றப் பகுதியாதலால் இவ்வுடன்படிக்கை அங்குச் செல்லாது. எனினும், அதன் மனப்போக்கு தீபகற்பம் முழுவதும் பரவியிருந்தது. மிஷன் பள்ளிகள் நகரங்களிலேயே தங்கின. கிராமத்து மலாய்ச் சிறுவன் தாய்மொழித் தொடக்கப் பள்ளியோடு நின்றான். சவேரியார் போன்ற பள்ளிகளின் வாயில் நகரத்து முஸ்லிம்களுக்கே எட்டக்கூடியதாக இருந்தது: தமிழர், அரபியர், ஜாவி பெரனாக்கன் எனப்படும் கலப்பு மரபினர், சில மலாய்க் குடும்பத்தார்.

அஞ்சுவதோடு நில்லாமல் மாற்று வழி கண்டோரும் பினாங்கில் இருந்தனர். 1916இல் அங்கு நிறுவப்பட்ட மத்ரஸா அல் மஷ்ஹூர் அதற்குச் சான்று. சீர்திருத்த அறிஞர் செய்யிது ஷெய்கு அல் ஹாதி அதன் தலைமை ஏற்று, அரபுக் கல்வியை வகுப்பறை, கால அட்டவணை, நவீனப் பாடங்கள் ஆகியவற்றோடு இணைத்தார். மிஷன் பள்ளியைத் திட்டித் தீர்ப்பதைவிட இது பயனுள்ள மறுமொழி என்பது என் கருத்து. நம் ஊர்களில் அத்தகைய மறுமொழி எழ மிகவும் தாமதமாயிற்று. பாளையங்கோட்டையில் சேசு சபையாரின் தூய சவேரியார் கல்லூரி 1923இல் தொடங்கியது. அதே ஊரில் நம் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி பிறந்தது 1971இல்.

இரண்டாம் உலகப் போரில் சவேரியார் பள்ளிக் கட்டடம் குண்டுவீச்சில் அழிந்தது. புதிய கட்டடம் 1954இல் எழுந்தது. மூன்றாண்டுகளில் நாடு விடுதலை பெற்றது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடொன்று, தன் மண்ணிலுள்ள கத்தோலிக்கப் பள்ளிகளை என்ன செய்வது என்ற வினா அப்போது எழுந்தது. மலேசியா கண்ட விடை ஊன்றிக் கவனிக்கத்தக்கது. பள்ளிகளை மூடவில்லை, அரசு உதவி பெறும் பள்ளிகளாகப் பொதுக் கல்விமுறைக்குள் கொண்டுவந்தது. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், உதவி பெறும் பள்ளியொன்றில் முஸ்லிம் மாணவர் பதினைவர் இருப்பின் அவர்களுக்கு இஸ்லாமிய மார்க்கக் கல்வி அளிக்கப்பட வேண்டும் என விதித்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் அந்த எண்ணிக்கையை ஐந்தாகக் குறைத்தது. சவேரியாரின் பெயர் தாங்கிய கூரையின் கீழ் உஸ்தாது ஒருவர் தவ்ஹீதைப் பாடமாகக் கற்பிக்கும் நிலை சட்டப்படியே அமைந்தது.

எல்லா நாடுகளும் இத்தகைய பொறுமையைக் காட்டவில்லை. பாக்தாதில் 1932இல் அமெரிக்கச் சேசு சபையார் தொடங்கிய பாக்தாத் கல்லூரி, பெயரில் கல்லூரியாயினும் உண்மையில் உயர்நிலைப் பள்ளியே. முஸ்லிம், கிறிஸ்தவ மாணவர் ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்த அப்பள்ளியில் பயின்ற அயாத் அல்லாவியும் ஆதில் அப்துல் மஹ்தியும் பிற்காலத்தில் இராக்கின் பிரதமர்களாயினர். அதே சபையார் 1956இல் அல் ஹிக்மா பல்கலைக்கழகத்தையும் நிறுவினர். அதன் தலைவராயிருந்த ரிச்சர்ட் மெக்கார்த்தி பாதிரியார் அரபு மொழியில் பெரும் புலமையாளர். இமாம் அஷ்அரீயின் கலாம் நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். பாகில்லானீயின் 'தம்ஹீத்' நூலை 1957இல் பெய்ரூத்தில் பதிப்பித்தவர். கஸ்ஸாலீ இமாமின் 'அல் முன்கித்' நூலையும் மொழிபெயர்த்தவர். நம் அரபிக் கல்லூரிகளில் அகீதா பாடம் நடத்தும் எத்தனை பேருக்கு இப்பெயர் தெரியும்? 1968இல் பாத் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியபின் அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலுமாக அப்பாதிரிமார் அனைவரும் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர்.

பினாங்கில் வெளியேற்றம் எதுவும் நிகழவில்லை. 1970 முதல் பயிற்றுமொழி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கு மாறியது. துறவு பூண இளைஞர் முன்வராததால் சகோதரர்களின் எண்ணிக்கையும் தேய்ந்தது. பள்ளி இன்றும் நடக்கிறது, தேசியப் பள்ளியாக.

நம் முன்னோர் ஈமானைப் பற்றி அஞ்சினர், அது பறிபோகவில்லை. பறிபோனது தமிழ். அதை யாரும் காவல் காக்கவில்லை. இவ்வகையில் சிங்கப்பூரில் குடியேறிய எங்கள் பகுதியாரைப் பாராட்ட வேண்டும். கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை அங்கு நிறுவியது. மசாலா அரைத்தும் மூட்டை சுமந்தும் பிழைத்த மக்கள் சீறாப்புராண ஆசிரியரின் பெயரில் ஒரு பள்ளி கண்டனர். 1960இல் உயர்நிலை வகுப்புகளும் தொடங்கின. ஆனால் ஆங்கிலம் தரும் வேலைவாய்ப்பின்முன் அதுவும் நிற்க முடியவில்லை, 1982இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் அங்குள்ள தமிழ்மொழி நிலையத்தில் வாழ்கிறது.

என் மாமன் மகன் அந்தச் சாரலில் ஒரு தகரப் பெட்டியும் கொண்டுவந்திருந்தார். அதனுள் அவருடைய தந்தை, அதாவது என் மாமா, பினாங்கிலிருந்தபோது எழுதி அனுப்பாமல் வைத்திருந்த சில கடிதங்கள் இருந்தன. எல்லாம் அரபுத் தமிழ். உடன் வந்திருந்த பேரனுக்குப் பதினைந்து வயது. தமிழில் ஒரு சொல்லும் அறியாதவன். பள்ளியில் ஜாவி எழுத்துப் படித்தவன். தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினான். ழகரத்துக்கும் ளகரத்துக்கும் நம் முன்னோர் இட்ட புள்ளிகள் அவன் அறியாதவை, அங்கெல்லாம் தடுமாறினான். நான் திருத்தினேன். திண்ணையில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த என் தாயார் சட்டென்று நிறுத்தி, “இது காக்கா பேச்சுல்லா?” என்றார். பையன் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்துவிட்டு, அடுத்த வரியைப் படித்தான்.